பரீட்சைத் தாளில் என் அப்பா

எழுபதுகளின் தொடக்கம். திருக்கடையூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். பி.ஏ.யில் மற்றதெல்லாம் தேறிவிட்டு, சமூகவியலில் மட்டும் கோட்டை விட்டிருந்தேன். "செப்டம்பர்லயும் போச்சுன்னா தையில கல்யாணம், அவ்வளவுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கோ பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்பதில்தான் உயிர்.

நான் தோற்றதற்குக் காரணம், பதில்களில் உதாரணங்களை அள்ளிக் கொட்டியதுதான். அமெரிக்கத் தொழிற்சாலை, ஆப்பிரிக்கப் பழங்குடி என்று எல்லாம் இருக்கும். எதற்காகச் சொல்கிறேன் என்று ஒரு வரி இருக்காது. "உதாரணம் ஊறுகாய் மாதிரிம்மா. நீ இலை பூரா ஊறுகாயே வச்சிருக்கே" என்று சிரித்தார் கல்லூரிப் பேராசிரியை.

அந்தச் சமயம் பார்த்துக் குறுவை அறுவடையில் கூலித் தகராறு. ஆட்கள் கூடுதல் நெல் கேட்டார்கள், அப்பா மறுத்தார், யாரும் வயலில் இறங்கவில்லை. கதிர் சாய்கிறது, வானம் வேறு கறுக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாமளே அறுப்போம்டா" என்று என் இரண்டு அண்ணன்களோடு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் ஒரு கையில் காபி கூஜா, மறு கையில் புத்தகத்துடன் வரப்பில் நின்றேன்.

எதிர் வரப்பில் ஆட்கள் திரண்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்பா நாலு குத்து அறுப்பார், இடுப்பைப் பிடிப்பார், காபி கேட்பார். பெரிய அண்ணன் வழுக்கி உட்கார்ந்தே விட்டான். எங்கள் வயலுக்கு வழக்கமாக அறுக்க வரும் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன புள்ள சிரிப்பு?" என்று அப்பா அதட்டினார்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. இந்த வேகத்துல போனா பொங்கலுக்குப் புது அரிசி வந்துடுங்க."

அண்ணன்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவாலும் அடக்க முடியவில்லை. அந்த அம்மா விடவில்லை. "சிரிச்சாச்சு, வயிறு நிறையலீங்களே" என்றார். அப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறினார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் கேட்டது முழுதும் இல்லை, பழைய கூலியும் இல்லை, நடுவில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். மழைக்கு முன்னால் கதிர் களத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் கேள்வித்தாளில், முரண்பாடு எப்படி இணக்கமாகிறது, உதாரணத்துடன் விளக்கு என்று கேட்டிருந்தார்கள். மனப்பாடம் செய்த அமெரிக்கத் தொழிற்சாலை அடியோடு மறந்துவிட்டது. வேறு வழியில்லாமல், பேர் ஊர் சொல்லாமல் எங்கள் வயலையே எழுதினேன். நடந்ததைச் சொல்லி, அது எதைக் காட்டுகிறது என்று அதன் கீழேயே ஒரு வரி. ஊறுகாய் அளவாக விழுந்துவிட்டது. தேறிவிட்டேன்!

பரீட்சையில் நம் வயலைத்தான் எழுதினேன் என்று பயந்துகொண்டேதான் அப்பாவிடம் சொன்னேன். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கேட்டார்.

"இடுப்பைப் புடிச்சதெல்லாம் எழுதினியா?"

"இல்லப்பா."

"கடைசியில நான் கூலி ஏத்திக் குடுத்தத?"

"அது இல்லாம பதிலே முடியாதேப்பா."

"அப்பச் சரி. பி.எட்.டுக்கு அப்ளிகேஷன் வாங்கிட்டு வா."

டீச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். ஒரே உதாரணம் போதும், ஆனால் அதை முடிவு வரைக்கும் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னபோதெல்லாம், தான் இறங்கி வந்த கதையும் அந்தத் தாளில் ஏறியிருக்கிறதா என்று கேட்ட அப்பாவின் முகம்தான் எனக்கு நினைவில் வந்தது.