அக்காவின் ஒரிஜினல் படம்

எட்டாயிரத்து நானூற்றைம்பது. எங்கள் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கு நான் தரவேண்டிய கடன். இது கட்டுக்கதை இல்லை. நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் பழகியவன் நான். நடந்ததை எழுதவே விரல் வலிக்கிறது. நடக்காததை எழுதத் தெம்பு ஏது?

திங்கட்கிழமை அக்கா காணாமல் போனாள். கேட்டதும் எனக்குக் கவலை வரவில்லை. ‘அப்பாடா, கடன் தொலைந்தது’ என்றுதான் தோன்றியது. சீ! அந்த நினைப்பைக் காறித் துப்பவேண்டும்.

வெள்ளிக்கிழமை அவள் மகன் எங்கள் பிரிண்டிங் கடைக்கு வந்தான். ‘காணவில்லை’ போஸ்டர், நூறு தாள். கைபேசியில் ஒரு படம் காட்டினான். டிசைனர் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

“பத்துப் பேர் கை மாறித் தேஞ்ச படம்ங்க இது. பெருசாக்கினா மூஞ்சி கட்டம் கட்டமா உடையும். ஒரிஜினல் வேணும்.”

“அது அம்மா போன்ல இருக்கு. போனும் அவங்ககூடவே போயிடுச்சு. வீட்டுல பழைய மெமரி கார்டு கிடைச்சா அனுப்பறேன்.”

போனான். மதியம் 1.12. கடைக் கம்ப்யூட்டரில் ‘டிங்’. படம் வந்துவிட்டது.

“பாத்தீங்களாண்ணே, முடி முடியா தெரியுது. இனி கையே வைக்கவேணாம்!” அளவைச் சரிபார்த்து, நூறு என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

தாளைப் பிரித்து எண்ணுவது என் வேலை. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணுவேன்.

கிளிக்... ஸ்ர்ர்ர்... கிளிக்... ஸ்ர்ர்ர்...

1.20. ஏழாவது தாள். அக்காவின் உதட்டோரம் ஓர் ஈ. தட்டினேன். பறக்கவில்லை. அச்சாகியிருந்தது. திரையைப் பார்த்தேன். அங்கே ஈ இல்லை.

பன்னிரண்டாவது தாளில் மூன்று ஈ. இருபதில் உதடு ஊதிக் கறுத்திருந்தது. மூக்குத் துளையில் வெள்ளையாக ஏதோ... அரிசி மாதிரி. அவ்வளவு தெளிவான படம். ஒவ்வொரு புழுவும் தனித்தனியாகத் தெரிந்தது.

எங்கள் மிஷினில் தாள் சுடச்சுட, காய்ந்து வரும். இது சில்லென்று வந்தது.

ஈரமாக.

கை தானாக எண்ணிக்கொண்டே இருந்தது. விரல் நாக்குக்குப் போனது.

கொழகொழவென்று...

அழுகின வாடை...

நாக்கில் ஏதோ நெளிந்தது.

1.31. குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்தேன்.

1.50. டிசைனர் பெண் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். “கருமம்! பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டீங்களாண்ணே?”

“தாளைப் பாரும்மா...”

புரட்டினாள். “அதுக்கென்ன? கண்ணாடி மாதிரி வந்திருக்கு.”

நூறும் சுத்தம். நூறிலும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

2.15. மகன் வந்தான். “கார்டு கிடைக்கலைங்க. அந்தப் பழைய படத்தையே போட்டுடுங்க.”

“அதான் அனுப்பிட்டீங்களே?” அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். படம் வந்த எண்ணைப் படித்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா நம்பர்...”

அன்று மாலையே அக்கா கிடைத்தாள். பக்கத்துக் கட்டடத்து மோட்டார் அறையில், முழங்கால் தண்ணீரில். திங்கட்கிழமையே உயிர் போயிருந்தது. இடுப்பில் செருகியிருந்த போனும் அன்றைக்கே தண்ணீர் புகுந்து செத்துவிட்டதாகப் போலீஸ்காரர் சொன்னார்.

மறுநாள் மனைவியின் கம்மலை விற்று, பணத்தோடு பிணவறை வாசலுக்குப் போனேன். அங்கே நின்ற மகனிடம் நீட்டினேன்.

“எதுக்கு மாமா?”

“அக்காகிட்ட வாங்கினது.”

“அம்மா சொல்லவே இல்லையே. இப்போ என்ன அவசரம்?”

“கேட்டாங்கப்பா.”

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு எண்ணி வாங்கிக்கொண்டான். எட்டாயிரத்து நானூற்றைம்பது. சரியாக இருந்தது.