ராகு காலத்துல ஒரு செக்-இன்

ஏர்லைன்ஸ் கவுன்ட்டர் வேலைன்னா, சிரிச்ச மூஞ்சியோட கதவைச் சாத்தற வேலை. யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் நின்னவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். நான் நிக்கறது சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்ல, ஒரு துருக்கி ஏர்லைன்ஸ்ல. எங்ககிட்ட ஏறினா கொழும்போ கெய்ரோவோ, இஸ்தான்புல் போய் மாறித்தான் ஆகணும். இங்க ஒண்ணு விட்டா அங்க இன்னொண்ணும் போச்சு.

நகராத பெட்டி

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஃப்ளைட் ஆறே முக்காலுக்கு, கவுன்ட்டர் மூடறது அஞ்சே முக்காலுக்கு. ஃப்ரீமான்ட்லேர்ந்து ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள், கூட அவர் பையன் கவின். புதன்கிழமை காலைல கொழும்புல கவினுக்குக் கல்யாணம். மறுநாள் ஃப்ளைட் ஃபுல். இதை விட்டா மாப்பிள்ளை இல்லாமத்தான் மேளம் அடிக்கணும்.

க்யூவே காலி. ஆனா அங்கிள் ட்ராலியைப் பிடிச்சுக்கிட்டு, கவுன்ட்டருக்கு நாலடி தள்ளி நிக்கறார். "வாங்க அங்கிள், பெட்டியைத் தூக்கி வைங்க"ன்னேன். வாட்ச்சைக் காட்டினார்.

"தம்பி, ஆறு மணி வரை இராகு காலம். அதுக்குள்ள நான் பெட்டியைத் தரமாட்டன்."

ஒக்தாய் பே வந்தார்

ஒக்தாய் எங்க மேனேஜர். 'பே'ன்னா துருக்கியில நம்ம 'சார்' மாதிரி. தொண்டையை ஒரு தடவை செருமிட்டு, ஒவ்வொரு வார்த்தையா எடை போட்டுத்தான் இறக்குவார். அதை அப்படியே செஞ்சு காட்டி டீ ரூமையே சிரிக்க வெக்கறவன் நான். அன்னைக்கு அந்தச் செருமல் என் முதுகுக்குப் பின்னாடி நிஜமாவே கேட்டுது.

மூட இன்னும் பத்து நிமிஷம். ராகு காலம்னா என்னன்னு இங்கிலீஷ்ல விளக்கினேன். சிரிப்பாருன்னு பாத்தா, பொறுமையா தலையாட்டினார். செருமினார்.

"மூர்த்தி, எங்க ஊர்ல யாராவது கிளம்பினா, தண்ணி மாதிரி ஓடிப் போய்த் திரும்பட்டும்னு அம்மா கார் பின்னாடி ஒரு சொம்புத் தண்ணி ஊத்துவாங்க. ஆனா அதுக்காக எந்தக் காரும் நின்னதில்ல. அஞ்சே முக்காலுக்கு மூடு."

மூணு மணிக்குக் கிளம்பினது யாரு?

கவின் அப்பா கையைப் பிடிச்சு இழுத்தான். "டாட், ப்ளீஸ்! தே ஆர் க்ளோசிங்!" அங்கிள் அசையல.

"வீட்லேர்ந்து எப்ப அங்கிள் கிளம்பினீங்க?"ன்னு கேட்டேன்.

"மூண்டு மணிக்கு, நல்ல நேரம் பாத்துத்தான். பாதி வழியில பாத்தா, கவின் பாஸ்போர்ட்டை விட்டிட்டு வந்திட்டாராம்! திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வெளிக்கிடேக்க நாலரை தாண்டீட்டுது. இராகு காலம் துவங்கீட்டுது. பெட்டியையாவது அது கழிஞ்சு தாறன்."

"ஆன்ட்டி எங்க? டிக்கெட் மூணு பேருக்காச்சே."

எதிர் பெஞ்சைக் காட்டினார். மூணு மணிக்கே பக்கத்து வீட்டுக்காரங்க கார்ல தனியா வந்துட்டாங்களாம். மடியில ஒரு பை; அதுலதான் கூறைப்புடவையும் தாலியும்.

எனக்குப் பளிச்னு பட்டுது. நாள் சரியில்லன்னா நல்ல நேரத்துல ஒரு பையை முன்னாடியே பக்கத்து வீட்ல கொண்டு வெப்போம்ல? பரஸ்தானம். அத்தோட பயணம் கிளம்பினதாத்தானே கணக்கு!

"அங்கிள், தாலி மூணு மணிக்கே கிளம்பிருச்சே. அது திரும்பவே இல்லையே!"

"பை மட்டும் வெளிக்கிட்டாப் போதுமோ தம்பி? ஆக்கள் எல்லே வெளிக்கிட வேணும்..."ன்னு அவர் ஆரம்பிச்சார். பின்னாடி செருமல் சத்தம். நான் கவுன்ட்டரை மூடற போர்டைக் கையில எடுத்துட்டேன்.

ஆன்ட்டி எழுந்து வந்தாங்க. கவின் கையில இருந்த பாஸ்போர்ட்டுகளை வாங்கி, தன்னோடதையும் சேர்த்து மூணையும் என் முன்னாடி வெச்சாங்க. கவினைப் பாத்துக் கண்ணைக் காட்டினாங்க. அவன் பெட்டிகளை மடமடன்னு பெல்ட்ல தூக்கிப் போட்டான். அப்புறம்தான் அங்கிள் பக்கம் திரும்பினாங்க.

"நான் மூண்டு மணிக்கே வெளிக்கிட்டிட்டன். நீங்கள் ஆறு மணிக்குப் பிறகு ஆறுதலா, அவசரமில்லாம வாங்கோ!"

அங்கிள் போர்டிங் பாஸைப் பிடுங்காத குறையா வாங்கிக்கிட்டு, செக்யூரிட்டி லைன்ல மனைவிக்கு முன்னாடி போய் நின்னார்.

ஃப்ளைட்டை நேரத்துக்குக் கிளப்பறது பைலட்டுன்னு பயணிகள் நம்பிக்கிட்டு இருக்காங்க, இருக்கட்டும். அது எந்த ஆன்ட்டி எந்திரிக்கறதுல இருக்குன்னு கவுன்ட்டர்ல நிக்கற நமக்குத்தானே தெரியும்.