பெயருக்குரியவர் படிக்கக் கூடாத புத்தகங்கள்

உடகெலைத் தோட்டத்து மேற்பிரிவில், பிள்ளைக்காம்பராவை ஒட்டி ஒரு சிறிய அறை இருந்தது. முதலில் பால்மா பெட்டிகள் வைத்திருந்த அறை. பிறகு அதுவே வாசிகசாலை ஆனது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டவள் ஜெயலெட்சுமி. பக்கத்து அறையின் சாவியும் அவளிடமே இருந்தபடியால் புத்தகங்களும் அவள் தலையில் விழுந்தன. சம்பளம் குழந்தைகளுக்குத்தான். புத்தகங்களுக்கு இல்லை.

அந்தப் புத்தகங்களுக்கு இலக்கம் கிடையாது. கதை, சமையல், சாத்திரம் என்று பிரித்து வைக்கும் வழக்கமும் கிடையாது. புதிதாக வந்த புத்தகத்தை முதலில் வாசித்தவர் திருப்பிக் கொண்டுவரும்போது ஜெயலெட்சுமி ஒன்றுதான் கேட்பாள்.

"வாசிக்கிறப்ப நம்ம ஆளுகள்ள யாரு ஞாபகத்துக்கு வந்தாங்க?"

அப்படி ஞாபகத்துக்கு வந்தவரின் பெயரைக் கடைசித் தாளின் மூலையில் வாசித்தவரே எழுத வேண்டும். அந்தப் பெயருக்குரியவருக்கு எந்தப் புத்தகம் மிகப் பிடிக்குமோ அதைத் தேடி எடுத்து ஜெயலெட்சுமி இதன் பக்கத்தில் வைப்பாள். தேனீ வளர்ப்புப் புத்தகத்தில் சிவசக்தியின் பெயர் இருந்தது. குளவி கொட்டிப் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். அவளுக்குப் பிடித்தது, மகனைப் பட்டணத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்ட ஒரு தகப்பனின் கதை. ஆகவே தேனீக்கு அடுத்தது அது. அதில் மாரிசாமியின் பெயர். மாரிசாமிக்குக் கப்பல் கதை என்றால் உயிர். தகப்பனுக்கு அடுத்தது கப்பல். கப்பலில் சந்திக் கடை ஜெனீராவின் பெயர். ஜெனீராவுக்குப் பிடித்த பூச்செடிப் புத்தகம் அதற்கடுத்து. இப்படியே கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஆளைப் பிடித்து ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கும். தேனீயை வாசித்தவருக்கு அடுத்து எதை வாசிப்பது என்ற குழப்பமே வராது.

இதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெயருக்குரியவர் கையில் அந்தப் புத்தகம் போகவே கூடாது. கேட்டால், "அது வெளிய போயிருக்கு" என்று ஜெயலெட்சுமி சொல்லிவிடுவாள். வாசிக்க எடுத்தவர்களும் வாயைத் திறக்கமாட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று எல்லா வீட்டுக் கதையையும் பேசுகிற சனம், இந்த ஒன்றில் மட்டும் கட்டுப்பாட்டோடு இருந்தது. தன்னுடைய பெயரும் எங்கேயோ ஒரு புத்தகத்தில் இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அது நல்ல புத்தகமாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

கடந்த கார்த்திகை மழையில் மேல் மலை வெடித்தது. வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண் பிளந்து நின்றது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இனி ஒரு இரவும் இங்கே தங்கக்கூடாது என்று சிவப்பு அறிவித்தல் ஒட்டினார்கள். ஜெயலெட்சுமி குழந்தைகளோடு முதல் லொறியில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள், பிறகு பாதை மூடப்பட்டுவிட்டதால் திரும்பி வர முடியவில்லை. சாவியைத் தொழிற்சங்கத் தலைவர் தயாபரனிடம் கொடுத்தனுப்பினாள்.

தயாபரன் பம்பரமாய்ச் சுழன்றான். பானை, பாய், சாமிப்படம், டிவி எல்லாவற்றிலும் அந்தந்த வீட்டார் பெயரை எழுதித்தான் லொறியில் ஏற்றினார்கள். இறக்கும் இடத்தில் பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு கரண்டிகூட மாறவில்லை என்று எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள்.

சாமான் பிரித்து முடிந்த பிறகுதான் ஜெயலெட்சுமி கேட்டாள். "தம்பி, வாசிகசாலை சாமான் எங்க இறக்கினீங்க?"

"அதெல்லாம் குடுத்தாச்சு லெச்சுமியக்கா."

"யாருக்கு?"

"யாரு பேரு போட்டிருந்துச்சோ அவுங்களுக்குத்தான். கடைசிப் பக்கத்துல அழகா எழுதி வெச்சிருக்கீங்களே! எனக்கு வேலையே இல்லாமப் போச்சு. பண்டாரவளைக்குப் போன மாரிசாமி மாமாவுக்குக்கூட ஆள்கிட்ட அனுப்பிட்டேன்."

தயாபரன் படிப்பு வாசனை இல்லாதவன் அல்ல; ஆனால் வாசிகசாலைப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. பாராட்டு வரும் என்று நின்றான். அது வரவில்லை என்று கண்டதும், சமாதானமாக, "ஒங்களுக்கும் வெச்சிருக்கலாமேன்னு தேடிப் பார்த்தேன். ஒங்க பேருல ஒண்ணும் இல்லக்கா" என்றான்.

அது அவளுக்குத் தெரிந்ததுதான். எல்லாப் புத்தகத்தையும் அடுக்கியவள் அவள்தானே. ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோது ஒரு மாதிரியாக இருந்தது.

சனம் குடியிருக்க, பழைய தொழிற்சாலைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில்கள் போட்டார்கள். அதில் ஒரு காம்பரா மிஞ்சியது. "பொங்கலுக்கு முந்தி புத்தகங்கள சேர்த்திட்டீங்கன்னா அத வாசிகசாலைக்கு வெச்சுக்கலாம், இல்லாட்டி நிவாரண அரிசி அடுக்கணும்" என்று தயாபரன் சொன்னான். தன் பிழையை ஈடுசெய்ய அவன் தோட்டத்துத் துரையிடம் பேசித்தான் அதை வாங்கியிருந்தான்.

ஜெயலெட்சுமி வீடு வீடாகப் போனாள். ஒரு காலத்தில், "வா லெச்சுமி, தேத்தண்ணி குடி" என்று இழுத்து உட்காரவைத்தவர்கள். இப்போது புத்தகத்தை வாசலிலேயே நீட்டினார்கள். கஞ்சனின் கதையில் தன் பெயரைக் கண்டவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோள் சொல்லிக் குடும்பத்தைப் பிரித்தவளின் கதை போய்ச் சேர்ந்த வீட்டில், "எங்க ஆத்தா அப்பிடிப்பட்டவளா?" என்று மகள் சண்டைக்கு வந்தாள். திரும்பி வந்த புத்தகங்களைத் தன் கொட்டிலில் வைத்துப் பிரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கடைசித் தாளின் மூலை கிழிக்கப்பட்டிருந்தது. ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொண்டு செய்தமாதிரி, அதே மூலை.

ஜெனீராவின் கடைக்குக் கடைசியாகத்தான் போனாள். இருவரும் ஒரே வயது. ஜெனீராவின் புருஷன் இத்ரூஸ் சவூதிக்குப் போய் எட்டு வருஷமாக வரவில்லை. வேலை நெருக்கடி, விசா சிக்கல் என்று ஜெனீரா சொல்லுவாள். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவள் பெயர் எழுதியிருந்த கப்பல் கதையில் வரும் மாலுமிக்குத் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் இன்னொரு குடும்பம் இருக்கும். முதல் மனைவி கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"வாசிச்சேன் லெச்சுமி," என்றாள் ஜெனீரா, சீனியை நிறுத்துக்கொண்டே. "ராவோட ராவா வாசிச்சு முடிச்சேன். நல்ல கதை தானே."

"ஜெனீரா..."

"எத்தன பேர் வாசிச்சாங்க அத? எல்லாரும் இந்தக் கடைக்கு வந்து, 'இத்ரூஸ் நானா எப்ப வாராரு'ன்னு கேட்டாங்க தானே. கேட்டுட்டு, பருப்பும் வாங்கிட்டுப் போனாங்க. நானும் மடச்சி மாதிரி பதில் சொல்லிட்டிருந்தேன். நீங்களும் கேட்டீங்க."

"நான் எழுதல."

"எழுதல. அடுக்கினீங்க." சீனிப் பொட்டலத்தை மடித்து நூலால் கட்டினாள். "புத்தகம் அடுப்புக்குப் போயிட்டு. வேற என்ன வேணும்?"

ஜெயலெட்சுமிக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. வெறுங்கையோடு இறங்குவது சரியில்லை என்று ஒரு நெருப்புப்பெட்டி வாங்கினாள். மிச்சக் காசைக் கையில் வைக்காமல் ஜெனீரா பலகை மேல் வைத்தாள்.

இனிப் பெயர் கிழிபடாமல் இருக்கக்கூடியது, மற்றவர்களோடு பேசிவைக்க முடியாத தூரத்தில் இருக்கும் மாரிசாமியிடம் உள்ள ஒன்றுதான். அது கிடைத்தால் அதிலிருந்து தொடங்கலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். சிவசக்தியின் தேனீப் புத்தகத்திலிருந்து அதற்கு வருகிற வழியும் தெரியும். கப்பல் போனால் போகட்டும், மாரிசாமிக்குப் பிடித்த வேறொன்றை அடுத்து வைக்கலாம். ஒரு கண்ணி இருந்தாலும் போதும்.

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்கு பஸ் ஏறினாள். மரக்கறிச் சந்தைக்குப் பின்னால், மச்சான் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் மாரிசாமி இருந்தார். இந்த வயதில் கோவா, கரட் என்று மரக்கறி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தோளில் சாக்கு உராய்ந்து புண்ணாகியிருந்தது.

"வா தங்கச்சி. பஸ்ல எடம் கெடச்சுச்சா, இல்ல கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டு வந்தியா?"

"தொங்கிட்டுத்தாண்ணே வந்தேன். ஒங்க ஊரு பஸ்ல ஒக்காந்தா காசு கூடக் கேப்பான்."

சிரித்தார். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார், நீட்டவில்லை.

"இதுக்குத்தானே வந்த?"

"ஆமாங்க."

"மூணு தடவ படிச்சிட்டேன். பத்தாம் வகுப்புல நல்லாப் படிச்சுக்கிட்டிருந்த பயல நிப்பாட்டி, கொழும்புக் கடைக்கு அனுப்பிட்டு, அவன் சம்பாத்தியத்துல குடிக்கிறான் தகப்பன். பய காயிதம் போட்டு, கூட்டிட்டுப் போ அப்பான்னு கெஞ்சுறான். இவன் போகல." அட்டையின் மடங்கிய முனையை நிமிர்த்திவிட்டார். "யாரு எழுதினது என் பேர?"

"தெரியாதுங்கண்ணே."

"தெரியாம அடுக்குவியா? சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போ. எனக்கு எதுக்கு இது? சொல்லு."

ஜெயலெட்சுமிக்குத் தெரியும். மாரிசாமியின் மகன் கஜேந்திரன், பத்தாம் வகுப்பில் நிறுத்தப்பட்டு கொழும்புக்குப் போவதற்கு முந்திய நாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். அவள் கேட்கும் முன்பே பேனாவை வாங்கி எழுதினான். எழுதிவிட்டு அதை ஊதிக் காயவைத்தான். வருஷத்துக்கு ஒரு முறை தீபாவளிக்கு வந்து தகப்பனுக்குச் சாரமும் சட்டையும் வைத்துவிட்டுப் போகிறவன். சொன்னால் அதுவும் நின்றுபோகும். சொல்லாவிட்டால் புத்தகம் கிடைக்காது.

"சிவசக்தியா இருக்கும்ணே. அவளுக்கு இந்தக் கதை புடிக்கும்."

மாரிசாமி கடைசித் தாளைத் திருப்பினார். மூலை கிழியாமல் இருந்தது. பெயரின் மேல் விரலை வைத்தார்.

"சிவசக்தி எழுத்து எனக்குத் தெரியாது. இந்த எழுத்துத் தெரியும். பள்ளிக்கூட ரிப்போட்டுல என் கையெழுத்த எம்பயலே போட்டுக்குவான், இதே மாதிரி." புத்தகத்தை மூடினார். "நீ நல்லவ. பொய் சொல்ல வரல ஒனக்கு."

"தந்துடுங்கண்ணே. நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"அவன் ஊட்டுக்குக் காயிதமே போட்டதில்ல தங்கச்சி. போன்ல ரெண்டு வார்த்த பேசுவான். என்கிட்ட அவன் மனசுவிட்டுச் சொன்னது இது ஒண்ணுதான். இதக் குடுத்துட்டு நான் என்னத்த வெச்சுக்கிறது?"

அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை. அவர் பஸ் நிலையம் வரைக்கும் வந்தார். வழியில், "அந்தக் கப்பல் கதையாச்சும் கெடச்சுச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. எரிஞ்சு போச்சு."

"ஐயோ," என்றார். தகப்பன் கதைக்குச் சொல்லாத ஐயோவை அதற்குச் சொன்னார்.

மறுநாள் காலையில் தயாபரன் கொட்டில் வாசலில் வந்து நின்றான். அரிசி லொறி வந்துவிட்டதாம்.

"அடுக்குங்க தம்பி," என்றாள் ஜெயலெட்சுமி.

"ஏன்க்கா, பாதிக்கு மேல சேர்த்திட்டீங்களே! மிச்சத்த பதுளையில பழசு வாங்கிப் போட்டா ஆச்சு. பேரு பிரச்சினன்னா இனிமே பேரே எழுத வேணாம். நம்பர் போடலாம். நானே போட்டுத் தர்றேன்."

"நம்பர் போடலாம். அப்புறம் எதுக்கு அடுத்து எத வைக்கிறது?"

தயாபரன் லொறிக்காரனைப் பார்த்துக் கை காட்டினான்.

பத்து மணிக்கு முன்பே காம்பரா நிறைந்துவிட்டது. இரண்டு மூட்டை வெளியே மிஞ்சின. தூறல் விழுந்துகொண்டிருந்ததால் அவற்றை அவள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று தயாபரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். கட்டிலுக்கு அடியில், திரும்பி வந்த புத்தகங்கள் இருந்தன. ஜெயலெட்சுமி அவற்றைக் கட்டுக்கட்டாக இழுத்தெடுத்து, எது எதற்குப் பக்கத்தில் என்று பாராமல், கொல்லையில் விறகு அடுக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு வந்து அரிசி மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.