பூசை முடிந்த பிறகு பந்து

நாங்கள் ஆம்பூரில் இருந்த நாளில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு. முதலாளிமார் சாயபுகள். எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு என்பது கேட்டு வாங்க வேண்டிய நாள். அப்பா கேட்டு வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அவரும் அண்ணனும் ஷாப்புக்குப் போய், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோல்களைப் புரட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். அதற்கு ஈடாக ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலமே அப்பா சீயக்காய் போட்டுக் கையைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். சுண்ணாம்பு வாடையோடு சர்வேசுரன் முன்னால் முழங்கால் போடக் கூடாது அவருக்கு.

அண்ணனுக்குக் கால்பந்துதான் உயிர். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பாலாற்று மணலில் ஷாப்புப் பையன்களோடு ஆடுவான். அந்தக் கட்சியில் அவன் ஒருத்தன்தான் வேதக்காரன், மற்றவர்கள் சாயபுப் பையன்கள்.

ஒரு தடவை வேலூர்க்காரர்களோடு பந்தயம் வைத்தார்கள். அவர்களுக்கு ஞாயிறுதான் லீவு. வெயில் ஏறுமுன் ஆடிவிட்டு ரயிலில் திரும்ப வேண்டும் என்றார்கள். எங்கள் பூசையும் அதே நேரம். ஊருக்கு அந்த ஒரு பூசைதான்.

"பூசை முடியட்டும், அப்புறம் போ" என்றார் அப்பா.

"அதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும்பா."

"முடிஞ்சா முடியட்டும்."

சனிக்கிழமை அண்ணனுடைய காப்டன், கூட வேலை செய்யும் சாயபுப் பையன், வீட்டுக்கு வந்தான். கெஞ்சத்தான் வந்திருக்கிறான் என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, ஜும்மா தொழுகைய விட்டுட்டு ஆடச் சொன்னா நான் ஆட மாட்டேன். அவன மட்டும் எப்படிக் கூப்புடறது? பூசை முடிச்சிட்டே வரட்டும். அதுவரைக்கும் பத்து பேரா சமாளிச்சிக்கிறோம்."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு அவனுக்கு டீ கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் வெள்ளைக்காரச் சாமியார் தமக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திப் பிரசங்கம் வைத்தார். மைதானம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான். கூச்சல் எழும்போதெல்லாம் அண்ணனின் தோள் துடிப்பதைப் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சாமியார் நாக்கில் வைத்த நன்மை அப்பத்தை வாங்கிவிட்டு, கண்ணை மூடி, நன்றி ஜெபம் முடியும் வரைக்கும் முழங்காலிலேயே இருந்தான். எழுந்ததும் அப்பாதான் அவசரப்படுத்தினார். "இன்னா நிக்கிற? ஓடு!"

அப்பாவும் நானும் பின்னாலேயே போனோம். அவர் பந்தாட்டம் பார்க்கப் போனது அதுதான் முதல் தடவை. நான் முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. பாதி ஆட்டம் முடிந்திருந்தது, நம்மவர்கள் இரண்டு கோல் பின்னால். அண்ணன் சட்டையைக் கழற்றி அப்பா கையில் திணித்துவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் ஒரு கோல் போட்டான். அப்பா தன்னை மறந்து "அடிறா!" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற சாயபுகள் சிரித்தார்கள்.

இரண்டாவது கோல் விழவே இல்லை. தோற்றுப்போனார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். அந்த நாளில் நன்மை வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பூசை முடிந்து நேரே ஓடி வந்தவன்.

"ஒண்ணும் சாப்புடலியா?" காப்டன் பதறினான். "நோம்பாடா?"

"நோம்பு மாதிரிதான்."

"சொல்றதில்ல?" என்று திட்டிக்கொண்டே யாரிடமோ பேரீச்சம்பழம் வாங்கி வந்து, ஒன்றை அவனே அண்ணன் வாயில் வைத்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை எந்தப் பந்தயம் வைத்தாலும், "உங்க பூசை எப்போ முடியும்?" என்று அப்பாவிடம் கேட்காமல் அவர்கள் நேரம் குறித்ததில்லை. அப்பாவும் பிரசங்கத்துக்கென்று கொஞ்ச நேரம் சேர்த்தே சொல்வார்.