டின்னில் சிரிக்கிற முகம்

பாப்பிரெட்டிப்பட்டியில் என் ஃப்ளெக்ஸ் கடைக்கு வருவதில் பாதி கண்ணீர் அஞ்சலி பேனர்தான். மீதி நேரத்தில் பெங்களூரில் ஒரு சின்ன பீர் கம்பெனிக்கு லேபிள் வரைகிறேன்.

"மீசை வைத்த கிராமத்து ஆள் வேண்டும், சிரிக்க வேண்டும்" என்று கேட்டிருந்தார்கள்.

பழைய அஞ்சலி ஃபைல் ஒன்றில் இருந்தவரின் மீசை பிரமாதம். யாருக்குத் தெரியப்போகிறது என்று அவரையே பார்த்து வரைந்தேன். போட்டோவில் வாய் மூடியிருந்தது. சிரிப்பையும் முன்பல் இடைவெளியையும் கையில் ஒரு பீர் கிளாஸையும் நானாகத்தான் சேர்த்தேன்.

இன்று காலை முதலாம் ஆண்டு நினைவு பேனருக்காக அவர் மனைவி வந்தார். ஸ்கிரீனில் அந்த லேபிள் திறந்திருந்தது.

"இது எங்க வூட்டுக்காரருங்க."

லேபிளை மூட மவுஸைத் தேடினேன்.

"பல்லுச் சந்து தெரியும்னு போட்டோவுக்கு வாயே தொறக்க மாட்டாருங்க. உங்களுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?"



ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "கையில இருக்கற கிளாஸை மட்டும் எடுத்துட்டு, பேனருக்கு இதையே போட்டுருங்க."

எடுத்துவிட்டேன். ஆனால் டின்கள் போன வாரமே கடைகளுக்குப் போய்விட்டன.

பெங்களூர் நண்பர்களே, குடித்து முடித்ததும் டின்னை நசுக்காமல் போடுவீர்களா?