கவிஞரின் வளவைச் சோதிக்கப் போனேன்

என் மகள் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலத்தில், இரணைமடுப் பக்கத்துக் குடியேற்றமொன்றில் ஒரு கவிஞரின் வீட்டைப் பார்வைக்குத் திறக்கப் போகிறார்கள் என்றும், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட ஓர் ஆள் தேடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டாள். அவள் தமிழ் படித்தவள். அந்தக் கவிஞரின் பாட்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பாராட்டும் வாங்கியவள். அவளுக்கென்றே செய்து வைத்த வேலைபோல் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

நான் கிளிநொச்சியில் கணிதம் படிப்பிக்கிறேன். கடைசிச் சண்டையின்போது இவளை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை போய்த் திரும்பினேன். அப்போது அவள் சின்னப் பிள்ளை. இப்போது ஸ்கூட்டி ஓடுகிறாள், வாக்குப் போடுகிறாள். என் கைக்கு மட்டும் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ரோட்டைக் கடக்கும்போது அது தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடிக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் தேத்தண்ணி கொண்டுவர முதல், செல்லடிக்குப் பதுங்கப் பங்கர் வெட்டுவதென்றால் எந்த மூலையில் வெட்டலாம் என்று பார்த்து வைத்துவிடுவேன். கலியாண வீடுகளிலும் பார்ப்பேன்.

கணவர் இந்த விஷயத்தில் கை வைக்கவில்லை. "நீரே போய்ப் பாத்திட்டு வாரும். பிறகு என்னால வந்தது எண்டு சொல்லக்கூடாது" என்று கடைக்குப் போய்விட்டார்.

எனவே நானும் மகளும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். நான் வந்து இடத்தைப் பார்ப்பேன். சரியில்லை என்று சொன்னால் அவள் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். அவள் பக்கத்து நிபந்தனை, நான் பார்வையாளர்போல வர வேண்டும், வேலையைப் பற்றி அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஐயாவிடம் வாயே திறக்கக் கூடாது என்பது. ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை காலை அவள் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, வழி முழுவதும் கால் இரண்டாலும் பிரேக் பிடித்துக்கொண்டே போனேன்.

வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கியிருந்தேன். வேலிப் படலையில் நின்ற ஐயா அதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். அவர் கவிஞரின் கடைசி மகன், ஓய்வுபெற்ற தபாலதிபர். மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டை எப்படிப் பேண வேண்டும் என்று தொலைபேசியில் சொல்கிறார்கள், இவர் இங்கே இருந்து பேணுகிறார். திறக்க முதலே பார்க்க வருகிற சனம் எல்லாம் வாழைப்பழத்தோடு வந்து அதைத் தகப்பனின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறது என்றும், ஒருத்தர் கர்ப்பூரமே கொளுத்திவிட்டார் என்றும், இப்படியே போனால் திறப்பு விழாவுக்குப் பதிலாகக் கும்பாபிஷேகம்தான் வைக்க வேண்டி வரும் என்றும் சொன்னார். பழத்தை வாங்கிப் படத்துக்கு முன்னால்தான் வைத்தார்.

கவிஞர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து, காட்டை வெட்டிக் கமம் செய்யச் சொல்லிக் காணி கொடுத்த காலத்தில் மனைவியோடு வந்தவர். வந்த நாள் தொடக்கம் ஊரை நினைத்து அழுது பாட்டு எழுதினார். இங்கே பனை இல்லை, கிணற்றுத் தண்ணீர் ருசியில்லை, நுளம்பு கடிக்கிறது என்று எழுதினார். பாட்டுகள் பத்திரிகைகளில் வந்தன. "அப்பா அழுது எழுதிக்கொண்டிருப்பார், அம்மா மண்வெட்டியோட நிப்பா" என்றார் ஐயா. "காடு வெட்டினது அவா. அதையும் அப்பா பாட்டா எழுதினவர்தான், ஆனா அதில 'நான் வெட்டினேன்' எண்டுதான் வருது."

மகள் முகத்தை வழிகாட்டிபோல வைத்துக்கொண்டு என்னை உள்ளே கூட்டிப்போனாள். "வாருங்கள்" என்று எழுத்துத் தமிழில் கூப்பிட்டாள். பெற்ற பிள்ளை அப்படிக் கூப்பிட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். நான் அடக்கிக்கொண்டேன்.

மண்சுவர், இலுக்குப்புல் கூரை, இரண்டு அறை, பின்னால் குசினி. சண்டையில் சுவரின் அடி மட்டும்தான் மிஞ்சியிருந்தது, மேலே இருப்பதெல்லாம் திரும்பக் கட்டியது. சாமான்களும் கவிஞருடையவை அல்ல. அவர் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. ஊரில் கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். முன்னறையில் ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. அதில் முதலில் 'கவிஞர் அமர்ந்த கதிரை' என்று எழுதி ஒட்டியிருந்ததாம். மகள் வேலை கேட்டு வந்த அன்றே பொய் எழுதக் கூடாது என்று வாதாடி, 'கவிஞர் அமர்ந்த கதிரையைப் போன்ற கதிரை' என்று மாற்றியிருந்தாள். குசினி அடுப்பிலும் 'தொடாதீர்கள்' என்று அவளே எழுதி ஒட்டியிருந்தாள்.

அவள் பாட்டுகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் மற்றவற்றைப் பார்த்தேன். கிணற்றுக் கட்டு உயரம் போதாது. இலுக்குக் கூரையில் பாம்பு இருக்கலாம். கதவுக்குக் கொளுக்கி உள்ளே இல்லை, வெளியேதான் இருக்கிறது. வேலிக்கு அப்பால் பற்றை, பற்றைக்கு அப்பால் காடு. எல்லாவற்றிலும் பெரிய குறை, பக்கத்து வீடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மகள் மரங்களைக் காட்டினாள். மரத்தில் ஆட்கள் இருப்பதில்லையே என்றேன். மரங்களுக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் வீடுகள் என்றாள். தீர்ப்பை மனதில் எழுதி முடித்துவிட்டேன். சரியில்லை.

முற்றத்துப் பாலை மரத்தில் ஓர் இரும்பு வளையம் தொங்கியது, பழைய வண்டில் சில்லின் இரும்பு. வளவில் அது ஒன்றுதான் உண்மையாகவே கவிஞர் காலத்துச் சாமான். அதன் சங்கிலியை மரம் வளர்ந்து விழுங்கிவிட்டதால் பழைய இரும்பு பொறுக்குகிறவர்களாலும் கழற்ற முடியவில்லை. யானை வந்தால் அதை அடிக்க வேண்டும். காதில் விழுந்த எல்லாரும், கையில் என்ன இருக்கிறதோ அதோடு ஓடிவர வேண்டும். வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். முதலில் குடியேறியவர்கள் தங்களுக்குள் போட்ட கட்டளை அது. இப்போதும் வருவார்களா என்று ஐயாவிடம் கேட்டேன். "இப்ப ஆர் அடிக்கினம்? எல்லாரிட்டயும் போன் இருக்கு" என்றார். அதையும் குறைகளோடு சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஐயா முன்னால் போய் யாரோடோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். மகளைக் காணவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன், இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். அப்போது வேலிக்கு அப்பால் பற்றை அசைந்தது. சாம்பல் நிறத்தில், பெரிய, அகலமான ஒரு முதுகு தெரிந்தது.

என் கைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த உலக்கையைத் தூக்கி (அதுவும் காட்சிப் பொருள்தான்) அந்த இரும்பை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு சத்தம் வரும் என்று நினைக்கவில்லை. காடு முழுவதும் அது போய்த் திரும்பி வந்தது.

கொஞ்ச நேரத்தில் வயற்பக்கம் பெரிய வெடிச்சத்தம். நிலம் அதிர்ந்தது.

நான் படுத்துவிட்டேன். விழவில்லை, படுத்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். தலையைக் கையால் மூடிக்கொண்டு, கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டு பார்த்தால், முற்றத்தின் மறுபக்கம், பார்வையாளருக்கென்று புதிதாகக் கட்டிய கக்கூசு வாசலில், என் மகளும் அதேமாதிரிப் படுத்துக் கிடக்கிறாள். கை ஈரம். இவ்வளவு நேரமும் அதற்குள்தான் இருந்திருக்கிறாள். வாளியில் தண்ணீர் விழுந்த சத்தத்தில் நான் கூப்பிட்டது கேட்கவில்லை.

"அம்மா, அது யானை கலைக்கிற வெடி."

"தெரியும்."

"அப்ப எழும்புங்கோ."

"நீ முதல் எழும்பு."

இருவரும் எழும்பவில்லை. அவள் கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். மரங்களுக்குப் பின்னால் வீடுகள் இருப்பது உண்மைதான். ஒருவர் முகத்தில் பாதி சவர்க்கார நுரையோடு வந்தார். ஒருவர் மண்வெட்டியோடு முழங்கால் வரை சேற்றில் வந்தார். வெடி கொளுத்தியவர் இன்னும் இரண்டு வெடியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒரு பெண் அகப்பையோடு ஓடிவந்தாள், அகப்பையில் கறி இருந்தது. ஐயா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வந்து, கனடாவில் இருக்கும் தமையனுக்கு "யானை, யானை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

படுத்திருந்த எங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அகப்பைக்காரி குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "எனக்கும் உந்த வெடிக்கு இப்பவும் கால் ஓடாது, ரீச்சர்" என்றாள். நான் ரீச்சர் என்று எப்படித் தெரியும் என்று பிறகுதான் யோசித்தேன். படுத்தபடியே மகளிடம் கதைத்த குரலில் தெரிந்திருக்க வேண்டும்.

சிரிப்பு பிறகு வந்தது. எல்லாரும் வேலிக்கு அப்பால் போய்ப் பார்த்தார்கள். உடல் முழுவதும் குளத்துச் சேறு காய்ந்து வெளுத்துப்போன ஓர் எருமை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. வெடிக்கும் அசையவில்லை.

"ஐயோ, அது என்ர எருமை" என்றாள் அகப்பைக்காரி. "காலமை இருந்து தேடுறன். நல்ல வேளை அடிச்சனியள்."

நுரைக்காரர் என்னைப் பார்த்து, "ரீச்சர், அடுத்த முறை தும்பிக்கை இருக்கோ எண்டு பாத்திட்டு அடியுங்கோ" என்றார். இதைச் சொல்வதற்காகவே பாதிச் சவரத்தோடு வந்தவர்போல அவருக்கு அது பெரும் திருப்தியாக இருந்தது.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். கட்டளை கட்டளைதான், யானை எருமையாகிவிட்டால் மாறாது. ஐயா திகைத்து நின்றார், அவருடைய வீடு இரண்டு வயல் தள்ளி. மகள் குசினிக்குள் போனாள். தான் எழுதி ஒட்டிய 'தொடாதீர்கள்' என்பதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அடுப்பை மூட்டினாள். தண்ணீர் கொதிக்கும்வரை அவர்களை வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டினாள். அயலிலேயே இருந்தாலும் ஒருவரும் இதுவரை உள்ளே வந்து பார்த்ததில்லை, கூப்பிடாமல் எப்படி வருவது என்று இருந்திருக்கிறார்கள். சேற்றுக் காலோடு வந்தவர் கதிரையைக் கண்டதும், இது தங்கள் வீட்டுக் கதிரை, கேட்டு வாங்கிக்கொண்டு போய் இன்னும் தரவில்லை என்றார். மகள் உடனே, அதையும் எழுதி ஒட்டவா என்று கேட்டாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. காடு வெட்டிய பாட்டை அவள் சொல்லிக்காட்டினாள். 'நான் வெட்டினேன்' என்ற இடத்தில் நிறுத்தி, வெட்டியது யார் என்று கேட்டாள். எல்லாரும் ஒரே குரலில் கவிஞரின் மனைவியைச் சொன்னார்கள். ஐயா வாசலில் நின்று தலையாட்டினார்.

நான் குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். சண்டைக் காலத்தில் ஓடியபோது எங்களைச் சுற்றி எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் ஒரே திசையில். எங்களை நோக்கி ஓடிவந்த ஆட்களை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

ஆட்கள் படலைப் பக்கம் போனதும் மகள் என்னிடம் வந்தாள். இப்போது சிரிப்பு இல்லை. "சரி, உங்கட விருப்பப்படி நடந்திட்டுது. இந்தக் கூத்துக்குப் பிறகு ஐயா என்னை எடுக்கமாட்டார்" என்றாள்.

நான் நேரே ஐயாவிடம் போனேன். உடன்படிக்கை என் நினைவிலேயே இல்லை. பிள்ளை பொறுப்பான பிள்ளை, பிழை முழுவதும் என்னுடையது, உலக்கையில் விழுந்த வெடிப்புக்கும் நான் பொறுப்பு, இவளை எடுத்தால் எடுத்ததற்கு வருத்தப்படமாட்டீர்கள் என்று, பரீட்சை மண்டபத்தில் நேரம் முடியப்போகிற பிள்ளைபோல நிறுத்தாமல் சொன்னேன்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டார். "ரீச்சர், பிள்ளைக்கு நான் போன கிழமையே வேலை எண்டு சொல்லிப்போட்டன். தாய் வந்து பாத்து ஓம் எண்டால்தான் வருவன் எண்டு சொன்னது அவாதான். நான் உங்கட பதிலைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் பாலை மரத்தைப் பார்த்தாள்.

படலையில் எருமையைக் கயிற்றில் பிடித்தபடி நின்ற அகப்பைக்காரி, "அப்ப பிள்ளை இஞ்ச வேலைக்கு வருவாவோ?" என்று கேட்டாள். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஓம், வருவா" என்றேன்.

திங்கட்கிழமை அவள் தனியாகப் போனாள். நான் ஒன்பதாம் வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு தரம் செய்துகாட்டினேன், இரண்டு விடை வந்தது. மகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அதைக் காப்பாற்றினேன். அகப்பைக்காரியின் இலக்கத்தை வாங்கி வைத்திருந்ததைப் பற்றி அந்த வாக்கில் ஒன்றும் இல்லை. இடைவேளையில் எடுத்தேன். மதியம் எடுத்தேன். பள்ளிக்கூடம் விட முன்னம் எடுக்கலாம் என்று தொலைபேசியைத் தூக்க, அகப்பைக்காரியே எனக்கு எடுத்தாள்.

"ரீச்சர், பிள்ளை வந்திட்டா, சாப்பிட்டிட்டா, இப்ப ஆக்களுக்குக் கதிரையைக் காட்டிக்கொண்டிருக்கிறா. நீங்கள் எடுக்கேக்க எல்லாம் நான் வயலால ஓடிப்போய் எட்டிப் பாத்திட்டு வாறன், கால் நோகுது. இனி நான் எடுக்கிறன். நீங்கள் எடுக்காதையுங்கோ."

சரி என்றேன். நாளைக்கு எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.