பீலியடியில் வைத்த செடிகள்

பொய் சொன்ன பாவம் என் தலையில் விழக்கூடாது என்பதற்காக நான் ஒரு மாரிகாலத்தில் பதினொரு செடிகளைச் சாகடித்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வளவுக்குள் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்திருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் எல்லாம் நடந்தது.

செடிகள் சாச்சாவுடையவை. உம்மாவின் தங்கையான சாச்சியைக் கலியாணம் முடித்துச் சம்மாந்துறையிலிருந்து எங்கள் வளவுக்கு வந்தவர் அவர். வளவில் உம்மாவுக்கு ஒரு வீடு, சாச்சிக்கு ஒரு வீடு, நடுவில் ஒரு கிணறு. சாச்சா லொறி ஓட்டினார். நுவரெலியாவுக்குப் போய்க் கரட்டும் லீக்ஸும் ஏற்றிவந்து கல்முனைச் சந்தையில் இறக்குவார். ஒருமுறை வரும்போது மரக்கறி மூட்டைகளுக்கிடையில் ஈரப் பேப்பரில் சுற்றிய நாலைந்து கொப்புகளைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு வீட்டு வேலியோரம் கண்டு, கேட்டு வாங்கினாராம். கோலியஸ் என்று அதற்குப் பெயர். எங்கள் வளவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கலர் இலை என்றுதான் சொல்வோம். ஒன்றில் நடுவே கடும் சிவப்பு, ஓரத்தில் இளம் பச்சை. இன்னொன்றில் மஞ்சள் இலைமேல் கபில நிறத் தெறிப்பு. தொட்டால் வெல்வெட் துணியைத் தொட்ட மாதிரி இருக்கும்.

பழைய பெயின்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் எருவும் கலந்து, அவற்றைப் பதினொரு வாளிகளாகப் பெருக்கியிருந்தார். கறிக்கும் உதவாத, தலையில் வைக்கவும் உதவாத செடிக்கு இவ்வளவு பாடா என்று வளவுக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். பூ வந்தாலும் உடனே கிள்ளி எறிந்துவிடுவார். பூக்க விட்டால் இலையின் நிறம் செத்துப்போகும் என்பார். பூவைக் கிள்ளிப்போட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

எங்கள் கோடையை எப்படியோ தாக்குப்பிடிக்கும் அந்தச் செடி மாரிக்குத் தாங்காது. நாலு நாள் விடாமல் மழை பெய்தால் அடித்தண்டு கறுத்து, தொட்டதும் கழன்று கையோடு வரும். அதனால் சாச்சா மழைக்கு முன்பே வாளிகளைத் தங்கள் சமையற்கட்டான குசினியின் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைப்பார். சில நுனிக் கொப்புகளை வெட்டி, தண்ணீர் விட்ட ஜேம் போத்தல்களில் போட்டுக் குசினி ஜன்னலில் வைப்பார். ஒரு கிழமையில், ஏழெட்டு நாளுக்குள், வெள்ளை வேர் இறங்கும். தாய் போனாலும் பிள்ளை இருக்கும் என்று சிரிப்பார். சாச்சிக்குப் பிள்ளை இல்லை. சாச்சா அதைச் சொல்லும்போதெல்லாம் உம்மா வேறு கதைக்குப் போய்விடுவார்.

அந்த வருடம் முதல் மழைக்கு முன்பே சாச்சா மௌத்தானார். காலையில் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள்.

கணவனை இழந்த பெண்ணுக்குரிய இத்தாவில் சாச்சி இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் அவர் வீட்டுப் படி இறங்கக் கூடாது, பிற ஆண்களின் கண்ணில் படக் கூடாது. முற்றத்தைப் பார்த்த அறையில் அவருக்குப் பாய் விரித்து, ஜன்னலுக்குத் தடித்த சீலை தொங்கவிட்டார்கள். துணைக்கு ஒரு பிள்ளை இருக்கட்டும் என்று என்னை அங்கே விட்டார்கள். அதை நான் பெரிய உத்தியோகமாக எடுத்துக்கொண்டேன்.

சாச்சி அழவில்லை. அழுதாலாவது பரவாயில்லை என்று வந்த பெண்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். தொழுகைக்கு மட்டும் எழும்புவார். மற்ற நேரம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பார். கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் மேலே ஆடை படிந்து அப்படியே இருக்கும். இரண்டு கிழமைக்குள் தோள் எலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. தங்கச்சியும் போய்விடுவாளோ என்று உம்மா பயந்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கஞ்சிக் கோப்பையைத் திருப்பி எடுக்கும்போதெல்லாம் எத்தனை வாய் குறைந்திருக்கிறது என்று சரித்துச் சரித்துப் பார்ப்பார்.

இதற்கிடையில் செடிகளை நான் கவனித்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. சாச்சா செய்வதைப் பார்த்திருந்ததால் நானும் வாளிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்தேன், ஐந்து கொப்பு வெட்டி ஐந்து போத்தலில் போட்டேன். ஒருநாள் கஞ்சிக் கோப்பையோடு போன உம்மாவின் பின்னால் நின்றுகொண்டு, கலர் இலை ஒன்றில் பூ வந்திருக்கிறது என்றேன். சுவர்ப்பக்கம் கிடந்த சாச்சி, "கிள்ளிப் போடு புள்ள" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

உம்மா என்னைக் குசினிக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"செடி வாடுது எண்டு போய்ச் சொல்லு."

"வாடல்லயே உம்மா. நல்லாத்தானே இரிக்கி."

"பரவாயில்ல, சொல்லு. கேட்டா எழும்பி இரிப்பா. இது பொய்யில்ல புள்ள, மருந்து."

போய்ச் சொன்னேன். சாச்சி எழும்பி உட்கார்ந்தார். தண்ணீர் கூடிவிட்டதா, மண்ணைத் தொட்டுப் பார்த்தாயா, எத்தனை இலை விழுந்தது என்று கேட்டார். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொல்ல, கதைத்துக்கொண்டே அரைக் கோப்பைத் தேத்தண்ணி குடித்தார். கதவுக்குப் பின்னால் நின்ற உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாளும் சொல்லச் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னேன்.

உம்மாவுக்கு அது மருந்து. எனக்கு அது பொய். ஒவ்வொருவர் தோளிலும் மலக்குமார் எனும் வானவர் இருவர் இருந்து, வலப்பக்கத்தவர் நன்மையையும் இடப்பக்கத்தவர் தீமையையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று குர்ஆன் மதரஸாவில் படித்திருந்தேன். மூன்று நாளில் இடத் தோள் கனப்பதாகவே எனக்குத் தோன்றியது. அதிலும் இத்தாவில் இருக்கிற ஒருவருக்குச் சொல்லும் பொய். சொல்லாமல் விட்டால் சாச்சி சாப்பிடமாட்டார், சொன்னால் நரகம். நாலாம் நாள் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. செடி உண்மையாகவே வாடிவிட்டால் நான் சொல்வது பொய்யாகாது.

அன்று அடைமழை. முற்றத்து மூலையில், கூரையின் தண்ணீரெல்லாம் தகரப் பீலியால் வழிந்து வந்து ஒரே இடத்தில் கொட்டும். ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் நேராக அதன் கீழே வைத்தேன். மண் கரைந்து வெளியே வழிந்தது. இலைகள் அடிபட்டுச் சேற்றில் சாய்ந்தன. எனக்கு அழுகை வந்தது. சாச்சாவின் கை வைத்த செடி என்று தெரியாமலா இருந்தேன்? ஆனாலும் இரண்டு நாள் கழித்து அதன் தண்டு கறுத்தபோது, சாச்சியிடம் போய்த் தலைநிமிர்ந்து சொன்னேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், அடுத்த நாளே இரண்டாவது வாளியையும் தூக்கினேன்.

ஆனால் மருந்து வேலை செய்யவில்லை. நான் உண்மை சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து சாச்சி கேள்வி கேட்பது குறைந்தது. இன்னொன்றும் போய்விட்டது என்றால் "ஓம்" என்பார். பிறகு அதுவும் இல்லை. தேத்தண்ணி பழையபடி ஆறிக் கிடந்தது. அளவு போதவில்லை என்று நான் முடிவு செய்தேன். ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தவள் இரண்டு, மூன்றாக வைத்தேன். கடைசி வாளியும் போய்விட்டது என்று சொன்ன நாளில் சாச்சி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்றைக்குத்தான் உம்மாவும் முற்றத்துக்கு வந்து அழுகிக் கிடந்த வாளிகளைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "யா அல்லாஹ், என்ட வாய்! சொன்ன மாதிரியே நடந்திட்டே!" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். தான் சொல்லச் சொன்ன பொய்க்கு அல்லாஹ் கொடுத்த தண்டனை என்று நம்பி, உள்ளே போய் நெடுநேரம் தொழுகைப் பாயில் இருந்தார். உம்மாவின் கண்ணீரைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது பொய்யில் சேராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் போத்தல்கள் நினைவுக்கு வந்தன. குசினிக்கு ஓடினேன். வாளிகளைக் கொல்லும் அவசரத்தில் போத்தல்களுக்குத் தண்ணீர் மாற்ற மறந்திருந்தேன். நாலு போத்தலில் கொப்புகள் கூழாகிக் கிடந்தன. ஐந்தாவதில் அடி கறுத்திருந்தது. மேலே நாலு இலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. சாச்சா இனி இந்த வளவில் எங்கேயும் இல்லை. இந்த ஒரு கொப்பும் போனால் அவருடையதென்று ஒன்றும் மிஞ்சாது. போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாச்சியின் அறைக்குள் போய் நின்று வாய்விட்டு அழுதேன். "இது மட்டும்தான் சாச்சி இரிக்கி" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

நான் விக்கி விக்கி இருமத் தொடங்கிய பிறகுதான் சாச்சி திரும்பினார். போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தார். நாற்றத்துக்கு முகத்தைச் சுளித்தார். "கத்தி கொண்டா. நல்ல தண்ணியும் கொண்டா" என்றார். கறுத்த பகுதிக்கு மேலே, இலை முளைக்கும் கணுவை ஒட்டி வெட்டினார். பெரிய இலைகள் இரண்டையும் கிள்ளினார். போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். நான் கழுவியது போதாதென்று திரும்பவும் கழுவச் சொன்னார். ஜன்னல் சீலையை ஒரு பக்கம் கொஞ்சம் ஒதுக்கி, வெளிச்சம் படுகிற இடத்தில் போத்தலை வைத்தார். பிறகு என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "ராத்தாவிட்டச் சொல்லு, ரெண்டு பேருக்கும் சோறு போடச் சொல்லி" என்றார். உம்மாவை அவர் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்.

நாங்கள் ஒரே கோப்பையில் சாப்பிட்டோம். சாச்சி மூன்று பிடி சாப்பிட்டார். உம்மா எங்களைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு பரிமாறினார்.

அதன் பிறகு தினமும் காலையில் சாச்சியே போத்தல் தண்ணீரை மாற்றினார். பத்தாம் நாள் வேர் இறங்கியது. ஒரு வெறும் பால்மாத் தகரப் பேணியில் நட்டார். அது கொஞ்சம் தலையெடுத்ததும் நுனியைக் கிள்ளி இன்னொரு போத்தலில் போட்டார். மாரி முழுவதும் அந்த ஜன்னலடியில் அப்படியே ஒன்று மூன்றாயிற்று. வெளிச்சம் போதாமல் இலைகள் வெளிறித்தான் இருந்தன. ஆனாலும் உயிர் இருந்தது. சாச்சியின் தோள் எலும்பும் மெல்ல மெல்ல மறைந்தது.

இத்தா முடிந்த நாள் காலையில் சாச்சி தலைக்குக் குளித்து, புதுச் சட்டை உடுத்து, மூன்று பேணிகளையும் தானே தூக்கிக்கொண்டு படி இறங்கினார். நல்ல வெயில். கிணற்றடி நிழலில் அவற்றை வைத்துவிட்டு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வாளிகளை மாரி கொல்லவில்லை, நான்தான் ஒவ்வொன்றாகப் பீலியடியில் வைத்தேன் என்று சொல்லிவிட்டு, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியும் மகள்" என்றார் சாச்சி. "நீ வாளி தூக்குற சத்தம் கேட்டுத் திரும்பி, சீலை ஓரத்தால பாத்துக்கிட்டுத்தான் கிடந்தன். கூப்பிட்டுத் தடுக்க ஏலும். தடுக்கல்ல. நீ ஒவ்வொண்டாத் தூக்கிட்டுப் போகக்குள்ள, அவர்ட சாமான் ஒண்டு குறைஞ்சிட்டு, எனக்கும் இனி இஞ்ச வேலை குறைவு எண்டு மனசு லேசா இரிந்திச்சி. எல்லாம் முடிஞ்சா நானும் கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கலாம் எண்டு நினைச்சன். அதுக்கு மறுகா நீ அந்தப் போத்தலத் தூக்கிக்கிட்டு வந்து அழுதாய்."

அந்தச் சொற்கள் ஒன்று விடாமல் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கின்றன. அவற்றின் அர்த்தம் எனக்கு விளங்கப் பல வருடம் பிடித்தது. அன்றைக்கு அவற்றில் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: சாச்சி ஏசவில்லை.

சந்தோசம் தாங்காமல் எங்கள் குசினிக்கு ஓடினேன். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் நாங்கள் கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்க வேண்டும்.

"என்ன புள்ள, சாச்சி என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல உம்மா" என்றேன். இந்தமுறை இடத் தோள் கனக்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு உம்மா மற்றப் பாதித் தேங்காயைக் கையில் எடுத்தார்.